தெரிஞ்சேதான் அறுத்தேன்

போன மாதம் நித்யா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் ஒரு காலத்தில் பார்த்த வேலையை இப்போது பார்க்கிற பெண். என் நாற்காலிக்கு ஒரு கால் ஆடும், அவளுடையது சுழலுமாம். கையில் டேப்லெட் வைத்திருந்தாள். குற்றம் செய்து பிடிபட்ட பிள்ளையைப் பற்றிய அறிக்கையை இப்போதெல்லாம் அதிலேயே நிரப்புகிறார்களாம்.

"மேடம், 'குற்றத்துக்கான காரணம்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. தொட்டா வரிசையா வரும். ஒண்ணை எடுத்துக்கலாம்." தொட்டுக் காட்டினாள். அறியாமை, வறுமை, தீய நட்பு, இதர. "நான் பெரும்பாலும் அறியாமையைத்தான் தொடுவேன். பையனுக்கு நல்லதுதானே?"

எனக்கு வந்ததே கோபம்! அவள் பாவம், என்ன செய்வாள். ஆனால் அந்த வாரம் முழுக்க நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன். எங்கேயோ ஒரு பையன் பெரிய அக்கிரமம் செய்துவிட்டான் என்று டிவியில் ஒரே கூச்சல். பதினாறு வயசானாலும் பெரியவனாக நடத்து, உள்ளே தள்ளு என்று கோட்டு போட்டவர்கள் மேஜையைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரரும் இட்லியைப் பிட்டுக்கொண்டே தலையாட்டினார். ஒரு கூட்டம் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்கிறது. இன்னொரு கூட்டம் எல்லாம் தெரியும், பூட்டு என்கிறது. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று இரண்டு கூட்டத்துக்கும் தோன்றவில்லையே! டேப்லெட்டை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு நித்யாவுக்குத் தேசிங்கு என்ற ஒரு பையனின் கதையைச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் காரைக்காலில் பிறந்து வளர்ந்தவள். அப்பா கடைத்தெருவில் தையல்காரர். திருச்சியில் சமூகப்பணி படித்தேன், சென்னையில் கொஞ்ச நாள் பயிற்சி. பயிற்சியில் கற்றது, சேர்ந்த முதல் வாரத்திலேயே காலாவதியாகிவிட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் காரைக்காலுக்கே நன்னடத்தை அலுவலராக வந்தேன். அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் விளங்காது. "நன்னடத்தைன்னா? நல்லா நடந்துக்கச் சொல்லித் தர்ற டீச்சராம்மா?" என்று ஒரு மீன்காரம்மா கேட்டார். அன்றைக்குப் பிடித்து நான் 'கோர்ட்டு டீச்சர்'. ஓய்வு பெறும்வரை அதே பெயர்தான், திருத்துவதை நான் எப்போதோ விட்டுவிட்டேன்.

எங்கள் வேலை இதுதான். பதினாறு வயது முடியாத பையன் ஒரு குற்றத்தில் மாட்டினால் அன்றைய சட்டப்படி அவன் குழந்தை. வழக்கு குழந்தைகள் நீதிமன்றத்துக்குப் போகும். மாஜிஸ்திரேட் முடிவெடுப்பதற்கு முன்னால் நாங்கள் அவன் வீடு, ஊர், பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பையன் வீட்டுக்குப் போவதும், பாண்டிச்சேரியில் இருந்த இல்லத்துக்குப் போவதும். காரைக்காலில் இல்லம் கிடையாது. பாண்டிச்சேரிக்குப் போக வேண்டுமானால் எங்கள் ஊர் எல்லையைத் தாண்டி, தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே பஸ்ஸில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மீனவக் குப்பத்துத் தாய்க்கு அது சிங்கப்பூர் மாதிரி. போன பிள்ளையைப் போய்ப் பார்த்துவிட்டு வர அவளுக்குக் காசும் கிடையாது, ஒருநாள் வியாபாரத்தை விடவும் முடியாது.

என் மேலதிகாரி சவரிராயர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கோர்ட்டில் எழுத்தராகச் சேர்ந்தவர். வெள்ளை முழுக்கால்சட்டை, கறுப்புக் குடை, ஒரு பழைய சைக்கிள். மழைக்குக் குடை பிடிக்க மாட்டார், வெயிலுக்குத்தான். எனக்குக் கல்யாணம் ஆகும்வரை 'மத்மசேல்' என்று கூப்பிட்டார், ஆன மறுநாள் 'மதாம்' என்று மாற்றிக்கொண்டார். கோபம் வந்தால் கத்த மாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். நான் சேர்ந்த புதிதில் அந்தக் கண்ணாடி ரொம்பவே பளபளப்பாக இருந்தது.

அவரிடம் சில பிடிவாதங்கள் உண்டு. போலீஸ்காரர் பையனை அழைத்து வந்தால், அந்தச் சிவப்புத் தொப்பியை வெளியே ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சட்டப்படி சாதாரண உடையில்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லிப் பார்த்தார். ஏட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்தார், காலில் போலீஸ் பூட்ஸ்! அதிலிருந்து தொப்பியைக் கழற்றினால் போதும் என்று சவரிராயர் சமாதானமாகிவிட்டார். அடுத்தது, எந்தப் பையனாக இருந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்றுதான் பேசுவார். சைக்கிள் திருடினவனுக்கும் அதே மரியாதை. "ஏன் சார், இவனுக்கெல்லாம் வாங்க போங்கவா?" என்று நான் கேட்டேன். "நீங்க வேற எப்படிக் கூப்பிட்டாலும் அவனுக்குப் பழகிப்போன பேராத்தான் இருக்கும் மத்மசேல்" என்றார்.

மூன்றாவது பிடிவாதம்தான் இந்தக் கதைக்கு முக்கியம். அறிக்கையை ஆபீசில் எழுதக் கூடாது. பையன் வீட்டில், அவன் ஆட்கள் முன்னால் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதி முடித்ததும் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். 'அது அப்படி இல்லீங்க' என்று யாராவது சொன்னால் கேட்டுத் திருத்த வேண்டும். எத்தனை வீட்டில் எனக்குப் புழுக்கத்தில் மை ஊறியிருக்கிறது, எத்தனை வீட்டில் கோழி வந்து காகிதத்தை மிதித்திருக்கிறது! ஆபீஸில் மின்விசிறிக்குக் கீழே அரை மணியில் முடிகிற வேலை. முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தேன்.

ஆனால் அந்த மனிதரும் ஒரு வரியை மட்டும் எந்த வீட்டிலும் கேட்காமலேயே எழுதுவார், என்னையும் எழுதச் சொல்வார். "இளம் வயதில் அறியாமையால் இச்செயலைச் செய்துவிட்டான்." கடைசிப் பத்தியில் அது வந்தே தீரும். மாஜிஸ்திரேட்டின் மனம் இளகுவதற்கு அதுதான் சாவி என்பார். அதைப் படிக்கும்போது தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள், பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். ஒருத்தரும் மறுத்ததில்லை.

தேசிங்கை ஏட்டு அழைத்து வந்தது ஒரு முற்பகலில். கிளிஞ்சல்மேட்டுக்கு வடக்கே உள்ள ஒரு குப்பத்துப் பையன். வெயிலில் செம்பட்டையான முடி, மீசை இன்னும் நினைத்துக்கூடப் பார்க்காத முகம். "வாங்க தம்பி, உட்காருங்க. என்ன வயசு?" என்றார் சவரிராயர்.

"பத்தொம்பது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏட்டும் சிரித்தார். பையன் சிரிக்கவில்லை.

செய்த காரியம் சின்னதல்ல. நாகமுத்து என்று அதே குப்பத்தில் விசைப்படகு வைத்திருந்தவர். அவருடைய பெரிய இழுவலை மணலில் காய்ந்துகொண்டிருந்தபோது, பட்டப்பகலில், எல்லோரும் பார்க்கக் கத்தியால் அறுத்திருக்கிறான். ஒரு கிழிசல் இல்லை, மீன் வந்து சேர்கிற மடி முழுக்க. "அதை விடுங்க சார், அறுத்துட்டு ஓடவே இல்ல. வலை பக்கத்துலயே சம்மணம் போட்டு உக்காந்திருந்தான், நாகமுத்து வர்றவரைக்கும்!" என்றார் ஏட்டு. இத்தனை வருஷ சர்வீஸில் அவர் அப்படி ஒரு குற்றவாளியைப் பார்த்ததில்லையாம்.

வயதுக்கு அத்தாட்சியாக அவன் ஒன்றும் தரவில்லை. அவன் தாயும் பத்தொன்பது என்றார். ஆஸ்பத்திரிக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் பதினாறு முடியவில்லை என்று சொல்லிவிட்டார். அதைக் கேட்டதும் பையனுக்கு முகமெல்லாம் சிவந்தது. "எலும்பைப் பாத்து வயசு சொல்றாரா அவரு? கையைப் பாக்கச் சொல்லுங்க!" என்று இரண்டு உள்ளங்கையையும் விரித்து நீட்டினான். கயிறு அறுத்த தழும்பு, தழும்பு மேல் தழும்பு. என் அப்பா வாழ்நாள் முழுக்க ஊசி பிடித்த கைகூட அப்படி இல்லை.

எனக்கு விளங்கவே இல்லை. வயதைக் குறைத்துச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்களை எனக்குத் தெரியும். கூட்டிச் சொல்லி மாட்டிக்கொள்ளப் பார்க்கிறவனை அதுவரை கண்டதில்லை. குப்பத்துக்குப் போன பிறகுதான் புரிந்தது.

சவரிராயரும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் போனோம். அவன் தாய் அஞ்சலை வீட்டு வாசலில் இருந்தார். புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து சில வருஷமாகிவிட்டது. கூடை சுமந்து மீன் விற்கிறவர். அன்றைக்குக் கூடை கவிழ்ந்து கிடந்தது. பக்கத்து வீட்டில் ஒரு பெண் எங்களைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள்.

"பேச மாட்டாங்க டீச்சர். ஊருல எங்களைத் தள்ளி வச்சிருக்காங்க" என்றார் அஞ்சலை. "வலையில கத்தி வச்சா எங்கூருல அப்புடித்தான். யாரும் தண்ணி தர மாட்டாங்க, பேச மாட்டாங்க. ஏலத்துல எனக்கு மீன் விட மாட்டாங்க. மண்டபத்தூருக்கு நடந்துபோய் எடுத்துக்கிட்டு வரேன். அங்க எடுத்துக்கிட்டு, விக்கிறதுக்குள்ள பாதி கெட்டுப்போவுது."

"பையனுக்கு வயசைக் கூட்டிச் சொன்னீங்களே, ஏம்மா?"

"புள்ளைன்னு சொன்னா பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோயிருவீங்களாமே. பெரியவன்னா கொஞ்ச நாள் செயிலு, திரும்பி வந்துருவான். செயிலுக்குப் போயிட்டு வந்தவன்கூட எங்கூருல மரத்துல ஏறலாம் டீச்சர். கோர்ட்டுல புள்ளைன்னு எழுதுனவனை எவன் ஏத்துவான்? ஒண்ணும் தெரியாத பயன்னு ஆயிருவான்ல? அப்புறம் என்னைக்கு அவன் ஆம்பளை ஆவுறது?"

மரம் என்று அவர் சொன்னது கட்டுமரத்தை. அந்த ஊர்க் கணக்கில் கடலுக்குப் போகிறவன் ஆண்பிள்ளை, அவனுக்குப் பங்கு உண்டு, ஊர்க் கூட்டத்தில் நிற்க இடம் உண்டு. தேசிங்கு தாய்மாமனோடு கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்தவன். எங்கள் சட்டம் கருணையோடு 'குழந்தை' என்று கையைப் பிடித்தால், அவன் ஊர் அந்தக் கையை விட்டுவிடும். பயிற்சியில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நாகமுத்துவையும் பார்த்தோம். நல்ல உடம்பு, நல்ல சிரிப்பு, கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கொதித்துப்போயிருந்தார். அவர் படகு கரைக்கு ரொம்பப் பக்கத்தில் இழுத்ததில் தேசிங்கின் மாமன் வலை நாசமானதை அவரே ஒப்புக்கொண்டார். மாமன் பயந்த சுபாவம், வாயைத் திறக்கவில்லை. தேசிங்குதான் நியாயம் கேட்டுப் போயிருக்கிறான்.

"சின்னப்பய வந்து நியாயம் பேசுறான் சார்! எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. கன்னத்தைக் கிள்ளி, ரெண்டு கை நெத்திலி அள்ளிக் குடுத்து, ஆத்தாகிட்ட சொல்லி கொழம்பு வச்சுச் சாப்புடுடா குட்டின்னு அனுப்புனேன். அன்பாத்தானே அனுப்புனேன்? மறுநாளு இப்புடிப் பண்ணிட்டான்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிறவளில்லை. ஆனால் சவரிராயர் ஏற்கெனவே கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்திருந்தார், அதனால் அடக்கிக்கொண்டேன். இன்னொன்றும் தெரிந்தது. ஊர்ப் பஞ்சாயத்துக்கு நாகமுத்துவின் மேலேயும் வருத்தம். ஊருக்குள் முடிக்க வேண்டியதை போலீஸுக்குக் கொண்டுபோய்விட்டாரே என்று.

அறிக்கை எழுதுகிற நாளன்று பையனையும் அழைத்துக்கொண்டு போனோம். அஞ்சலை வீட்டுக்குள் பாயில் உட்கார்ந்து எழுதினேன். சவரிராயர் சுவரில் சாய்ந்திருந்தார். மாமன் வாசற்படியில். எழுதி முடித்துச் சத்தமாகப் படித்தேன். பெயர், தகப்பன் இறந்தது, பள்ளிக்கூடம் விட்டது, மாமன் வலை கிழிந்தது, எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசிப் பத்தி வந்தது. "இளம் வயதில் அறியாமையால் இச்செயலை..."

"நிறுத்துங்க!"

தேசிங்கு எழுந்து நின்றுவிட்டான். "யாருக்கு அறியாமை? தெரிஞ்சேதான் அறுத்தேன். வலைன்னா என்னான்னு எனக்குத் தெரியாதா? ஒவ்வொரு கண்ணியும் தெரியும். அந்தாளு என்னைக் கன்னத்தைக் கிள்ளி அனுப்புனாரு. நீங்களும் அதையேதான் எழுதியிருக்கீங்க!"

அஞ்சலை "டேய், உக்காருடா, உன் நல்லதுக்குத்தான்டா எழுதுறாங்க" என்று அவன் காலைப் பிடித்து இழுத்தார். நான் காகிதத்தைப் பாயில் வைத்துவிட்டேன். கோபமா, வெட்கமா, இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சவரிராயரைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தார், ஆனால் துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷம், எத்தனை அறிக்கையில் அந்த வரி! ஒருத்தர்கூட அவரிடம் அப்படிக் கேட்டதில்லை.

பிறகு என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்த வரியை அவரே அடித்தார். "தெரிந்தே செய்தேன் என்கிறான்" என்று மேலே எழுதினார்.

"சார்!" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "தெரிஞ்சே செஞ்சீங்க. சரி தம்பி. வயசு டாக்டர் சொன்னது, அதுல நான் கை வைக்க முடியாது. மத்தது உங்களுது. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"பின்னித் தரேன்" என்றான் கடைசியில். குரல் உடைந்துவிட்டது. அந்த நேரத்தில்தான் அவன் வயது தெரிந்தது. "நான் அறுத்ததை நானே பின்னித் தரேன். அவரு வீட்டுக்குள்ள குந்தியில்ல. கரையில, எல்லாரும் பாக்க. ஆனா எங்க மாமன் வலையைக் கிழிச்சேன்னு அவரும் ஊருல சொல்லணும்."

"எழுதிக்குங்க மத்மசேல்" என்றார் சவரிராயர்.

பையனை ஏட்டோடு பஸ்ஸில் அனுப்பிவிட்டுத் திரும்பி வரும்போது வழியெல்லாம் நான் சவரிராயரோடு சண்டை. "தெரிஞ்சே செஞ்சான்னு நாமே எழுதிக் குடுத்தா மாஜிஸ்திரேட் பாண்டிச்சேரிக்கு அனுப்பாம என்ன செய்வார்? அவன் வீம்புக்கு நாம பலியாகணுமா? அந்தம்மா தலையில மண்ணைப் போட்டுட்டீங்க!" சைக்கிளை மிதித்துக்கொண்டே கத்தினேன். வரப்பில் நின்ற மாடுகூடத் திரும்பிப் பார்த்தது. கோட்டுச்சேரியில் அவர் சைக்கிளை விட்டு இறங்கி, "பயமாத்தான் இருக்கு. எனக்கும் இது புதுசு. ஆனா அவர் சொன்னதை நாம அழிச்சா, பொய் சொன்னது நாமதான்" என்றார். பையனைத்தான் 'அவர்' என்றார். பிறகு, "கோர்ட்டுல நீங்களே சொல்லுங்க. என்கிட்ட இவ்வளவு வாதாடினவங்க அங்கேயும் வாதாடலாம்" என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். அடப்பாவி மனிதா என்று முணுமுணுத்தேன்.

நடுவில் இருந்த நாட்களில் குப்பத்துக்கு நடையாய் நடந்தேன். ஊர்த் தலைவரிடம் பையன் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் வெகு நேரம் பீடியைப் பற்றவைக்காமல் விரலில் உருட்டினார். "அவனாவா சொன்னான்? நீங்க சொல்லிக் குடுக்கலியே?" என்று மூன்று விதமாகக் கேட்டார். நாகமுத்துவிடம் போனேன். "கிழிச்சதை நான் ஊருல சொல்லணுமா? அதுவும் அவன் கேட்டு?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நியாயம் கேட்டு வந்தவனுக்கு நெத்திலி குடுத்தீங்களே அண்ணே, அது எந்த ஊரு நியாயம்?" என்றேன். அன்றைக்குச் சவரிராயர் பக்கத்தில் இல்லை, அதனால் கேட்க முடிந்தது. அவர் கதவைச் சாத்தவில்லை, அதையே பெரிசாக எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

விசாரணை நாள். மாஜிஸ்திரேட் வெளியூர்க்காரர், கண்டிப்பானவர், ஆனால் படிப்பதை முழுசாகப் படிப்பார். கடைசிப் பத்தியில் விரலை வைத்தார். "தெரிந்தே செய்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இவனை வீட்டுக்கு அனுப்பினால் நாளைக்கு எவன் வலை மிஞ்சும்?"

தேசிங்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அஞ்சலை கதவோரம், புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. நான் தயாரித்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கே போனதோ!

"ஐயா, தெரியாமச் செஞ்சவனா இருந்தா எனக்கும் அந்தப் பயம் இருக்கும். என்ன செஞ்சோம்னே தெரியாதவன் மறுபடியும் செய்வான். இவன் அறுத்துட்டு ஓடலை. அங்கேயே உட்கார்ந்திருந்தான். யாராவது வந்து கேப்பாங்கன்னு காத்திருந்தான். ஒருத்தரும் கேக்கலை. நாங்க கேட்டோம். என்ன செய்யணும்னு அவனே சொன்னான். இப்ப இவனைப் பாண்டிச்சேரிக்கு அனுப்பினா, அங்கே பின்ன வலை இல்லைங்க."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். "ஊர் ஏற்குமா? அந்தப் படகுக்காரர் ஏற்பாரா? ஊரே தள்ளிவைத்த இடத்தில் இவன் தனியாக உட்கார்ந்து என்ன பின்னுவான்?"

சவரிராயர் எழுந்துபோய் வராந்தாக் கதவைத் திறந்தார். வெளியே ஊர்த் தலைவரும், அவரோடு பஞ்சாயத்தார் சிலரும், தோளில் துண்டோடு நின்றார்கள். தங்கள் வழக்கைத் தாங்களே தீர்த்துக்கொள்கிற அந்த ஊர், அதற்கு முன் எங்கள் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. அவர்களுக்குப் பின்னால், தூணை ஒட்டி, நாகமுத்து.

"வலை என்னுதுங்க" என்றார் உள்ளே வந்து. யாரையும் பார்க்காமல், மேஜைக் காலைப் பார்த்துப் பேசினார். "அவன் பின்னட்டும். இவன் மாமன் வலையை என் படகுதான் கிழிச்சுது. அதை நேத்து ஊருக் கூட்டத்துல சொல்லிட்டேன்."

தேசிங்கு அவரைத் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு நேரம் கல்லாக இருந்தவன், அப்போதுதான் அழுதான். எனக்கும் தாங்கவில்லை. அஞ்சலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மாஜிஸ்திரேட் ஏதோ காகிதம் தேடுவதுபோல் இழுப்பறையைத் திறந்து ரொம்ப நேரம் தேடினார்.

உத்தரவு இதுதான்: பையன் தாயிடமே இருப்பான், ஒரு வருஷம் என் மேற்பார்வையில், வலையைப் பின்னித் தர வேண்டும்.

கரையில் அவன் உட்கார்ந்து பின்னியதை நான் எத்தனையோ தடவை போய்ப் பார்த்தேன். மேற்பார்வை என்று பெயர், எனக்கு அது வேடிக்கை பார்க்கும் ஆசை. முதலில் யாரும் பக்கத்தில் வரவில்லை. பெண்கள் கூடையோடு தாண்டிப் போவார்கள், ஆண்கள் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். அவன் தலையைத் தூக்காமல் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒருநாள் நாகமுத்து வந்து நின்றார். "கண்ணி பெருசா விழுவுது பாரு" என்றார். "அளவுக் கட்டையை வச்சுத்தான் போடுறேன். பாத்துட்டுச் சொல்லுங்க" என்றான் இவன். அவர் குனிந்து அளந்து பார்த்தார். சரியாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் எதிரே மணலில் உட்கார்ந்து, வலையின் மறுமுனையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இழுத்துப் பிடிக்க ஆள் இருந்தால் வேலை சீக்கிரம் ஓடும்.

அந்த வலை படகில் ஏறிய அன்று காலை நான் ஏலம் நடக்கிற இடத்தில் இருந்தேன். ஏலம் விடுகிறவர் குவியலைக் காட்டிக் கூவிக்கொண்டிருந்தவர், சட்டென்று நிறுத்தி, "அஞ்சல, அங்க என்ன நிக்குற, கூடையக் கொண்டா" என்றார். அவ்வளவுதான். தள்ளிவைத்தது முடிந்துவிட்டது. பெண்கள் விலகி இடம் விட்டார்கள். அஞ்சலை என்னைத் தாண்டி ஓடினார், என்னைப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அதில் சந்தோஷம்தான்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி முடியவில்லை. டவுனில் ஒரு பையனிடம் நானும் 'இப்ப என்ன செய்யப் போறீங்க' என்ற அதே கேள்வியைக் கேட்டேன். தோளைக் குலுக்கினான். அவனை நானே பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் அழைத்துப் போனேன், வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்தான். அவனை இன்றும் நினைக்கிறேன். ஆனால் கேட்டதில் பாதிப் பேருக்கு மேல் ஏதாவது ஒரு பதில் சொன்னார்கள் என்பதும் உண்மை. அந்தப் பழைய வரியை சவரிராயர் அப்புறம் எழுதவே இல்லை. ஓய்வு பெறுகிற அன்று மேஜையைக் காலி செய்துகொண்டே, "அந்தத் தம்பிக்கு முன்னாடி வந்தவங்களை நினைச்சாத்தான் மதாம்..." என்று ஆரம்பித்தார், முடிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எண்பதுகளின் கடைசியில் ஒருநாள் ஆபீஸ் வாசலில் ஒரு வாட்டசாட்டமான ஆள். முழு மீசை. பக்கத்தில் திருவேட்டக்குடிப் பக்கத்துப் பையன் ஒருத்தன், முட்டிவரை மணல். "டீச்சர், என்னைத் தெரியுதா?" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அட, தேசிங்கு! பங்கில் படகு ஓட்டுகிறானாம், ஊர்க் கூட்டத்தில் பேசுகிற இடத்துக்கு வந்துவிட்டானாம். அஞ்சலைக்கு முழங்கால் வலியாம், வாய் மட்டும் குறையவில்லையாம்.

பையன் பஸ் மேல் கல்லெறிந்துவிட்டான். கண்ணாடி உடைந்து கண்டக்டருக்கு நெற்றியில் தையல். போலீஸ் தேடுவதற்கு முன்னால் இவனே அழைத்து வந்திருந்தான். "என் மச்சான் மவன் டீச்சர். வீட்டுக்கே வந்து எழுதுங்க."

போனேன். பாயில் உட்கார்ந்து எழுதினேன். சத்தமாகப் படித்தேன். அம்மாக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவன் சின்னப்புள்ள டீச்சர், தெரியாம எறிஞ்சுட்டான்னு போட்டுக்குங்க" என்றாள். வாசற்படியில் உட்கார்ந்திருந்த தேசிங்கு தலையைத் திருப்பினான்.

"அதை அவங்கிட்டயே கேளுங்க டீச்சர்."

கேட்டேன். பையன் தேசிங்கைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். கண்டக்டர் தன்னைக் கூட்டத்தில் பிடித்துத் தள்ளி இறக்கிவிட்டதைச் சொன்னான். "பாத்துத்தான் எறிஞ்சேன். தலையில படும்னு நெனைக்கல. கண்ணாடியில படணும்னுதான் எறிஞ்சேன்."

"சரி. இப்ப என்ன செய்யப் போறீங்க?"

ரொம்ப நேரம் யோசித்தான். நான் அவசரப்படுத்தவில்லை, அதை மட்டும் எப்படியோ கற்றுக்கொண்டிருந்தேன்.

"கண்டக்டர் அண்ணன் வீட்டுக்குப் போறேன். எறிஞ்சது நான்தான்னு சொல்றேன். கண்ணாடி மாட்ட எனக்குத் தெரியாது." மூக்கை உறிஞ்சினான். "பஸ்ஸு கழுவத் தெரியும். மொத ட்ரிப் கெளம்பறதுக்குள்ள கழுவிருவேன்."

நான் பேனாவோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். தேசிங்கு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டான்.

"எழுதிக்குங்க டீச்சர்" என்றான். "நாளைக்கு அவங்கூட நானும் போறேன், பக்கெட்டுல தண்ணி தூக்க ஒரு ஆளு வேணும்ல."